முப்பது வருட வெளிச்சம்

தரைதட்டிப் பத்து வருடம் வெளித்துறையில் துருப்பிடித்துக் கிடந்த டென்மார்க் கப்பலைத் துண்டு துண்டாக வெட்டி ஏலம் விட்ட வருடம், எங்கள் சம்மனசுத் தெருவுக்குள் அந்தக் கப்பல் வீடு வீடாக வந்து சேர்ந்தது. ரொசாரி அக்கா வீட்டுக் கழிப்பறைக்கு அதன் இரும்புக் கதவும், தரகர் கஸ்பார் வீட்டு மாடிக்கு அதன் வட்ட ஜன்னலும், மாதா கோவிலுக்கு அதன் மணியும் போக, கப்பல் ஏஜென்ட் ஆபீசில் கிளார்க்காக இருந்த எனக்குக் கேப்டன் அறைச் சுவரிலிருந்து கழற்றிய ஒரு விளக்கு கிடைத்தது.

உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மரப்பலகை, அதிலிருந்து நீண்டு இரண்டாக மடங்கும் பித்தளைக் கை, கையின் நுனியில் கவிழ்த்த புனல் போலப் பித்தளை மூடி, இழுத்தால் எரியவும் இழுத்தால் அணையவும் ஒரு சிறு சங்கிலி. பலகையின் முதுகில் எனக்கு வாசிக்கத் தெரியாத ஒரு பெயரும், கோபன்ஹேகன் என்ற ஊரும், 1956 என்ற வருடமும் சூடு வைத்துப் பொறித்திருந்தன. அதைச் சுவரில் அறைய வந்த ஆசாரி மரத்தை முகர்ந்து பார்த்து, "இது பர்மா தேக்குல்லா, செலஸ்டின் அண்ணே, நம்ம பக்கத்து மரம், அங்க போயி வெள்ளக்காரனாட்டம் திரும்பி வந்திருக்கு" என்றான். கூடத்துச் சுவரில் அதை மாட்டிக் கையை நீட்டிவிட்டால் வெளிச்சம் வேறு எங்கும் சிந்தாமல் கீழே கிடக்கும் ஒரே ஒரு நாற்காலியின்மேல் வட்டமாக விழும். பனிக்காலம் முழுதும் சூரியனைப் பார்க்காத ஊரில் மனிதர்கள் இப்படித்தான் ஒருவர் ஒருவராக வெளிச்சத்தில் உட்கார்ந்திருப்பார்கள் போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் சாயங்காலம் அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர், கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற எழுபத்திரண்டு வயது மிக்கேல் மாமா. நான் சங்கிலியை இழுத்ததும் நாற்காலி காலியாகிவிட்டது. காலி நாற்காலியிலிருந்து, "காப்பியில சீனி போடாதம்மா பிலோமி" என்று அவருடைய குரல் மட்டும் வந்தது. என் மனைவி பிலோமி குரல் வந்த திசையில் டம்ளரை நீட்ட, டம்ளர் அந்தரத்தில் உயர்ந்து, சாய்ந்து, காலியாகி, அவள் கைக்கே திரும்பியது. பிறகு பிலோமி உட்கார்ந்தாள். ஒரு கண்ணில் பூ விழுந்து, பஞ்சுத் தலையோடு, கழுத்துச் சங்கிலி சுருக்கங்களுக்குள் புதைந்துபோன ஒரு கிழவி எங்களைப் பார்த்துச் சிரித்தாள். அவளுக்கோ தன் கைகள் எப்போதும் போலத்தான் தெரிந்தன. வெளிச்சத்தில் இருப்பவருக்கு மாற்றம் தெரியாது, வெளியே நிற்பவருக்குத்தான் தெரியும். அடுத்த நாள் பக்கத்து வீட்டு ஆறு மாதக் குழந்தையைக் கிடத்தியபோது, மீசையும் சட்டைப்பையில் சிகரெட்டுமாக முப்பது வயது ஆள் ஒருவன் காலை உதறிக்கொண்டு பாலுக்கு அழுதான். அப்படித்தான் கணக்கு பிடிபட்டது: விளக்கு இன்றைய மனிதனை முப்பது வருடம் தள்ளிக் காட்டுகிறது, அதற்குள் போய்விடுகிறவர்களைக் காட்டுவதில்லை.

தெரு இதற்குப் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. வயதானவர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து காலியாக உட்கார்ந்து பார்த்து, "சரிதான், நமக்கென்ன, பாத்தாச்சு" என்று வெற்றிலை போட்டுக்கொண்டு போனார்கள். பிசாசின் வேலை என்று இரண்டு ஞாயிறு பிரசங்கம் வைத்த பங்குச் சாமியார் மூன்றாவது வாரம் தானே வந்து உட்கார்ந்தார், காலியாக இருந்தார், எழுந்து அங்கியைத் தட்டிவிட்டு, "எல்லாம் அவர் சித்தம்" என்று போனவர் அதற்குப் பிறகு அதைப்பற்றிப் பேசவில்லை.

விளக்கின் உண்மையான உபயோகத்தைக் கண்டுபிடித்தவர் கஸ்பார்தான். கல்யாணத் தரகருக்குத் தெரியாத உபயோகம் உலகத்தில் எந்தப் பொருளுக்கும் இல்லை. பெண் பார்க்கும் சடங்கை அவர் எங்கள் கூடத்துக்கு மாற்றினார். மாப்பிள்ளை வீட்டார் பாய் விரித்து வரிசையாக உட்கார, கேக்கும் மிக்சரும் சுற்றிவர, பெண் நாற்காலியில் வந்து அமர, நான் சங்கிலியை இழுப்பேன். ஆறே மாதத்தில் எங்கள் ஊரில் "பொண்ணு பாத்தாச்சா?" என்ற கேள்வி போய் "விளக்கு பாத்தாச்சா?" என்ற கேள்வி வந்துவிட்டது. கன்னத்தில் சதை தொங்கியவளை வேண்டாம் என்றார்கள். பல் விழுந்தவளை வேண்டாம் என்றார்கள். தாலியில்லாத வெறுங்கழுத்தோடு தெரிந்த ஒருத்தியைப் பார்த்து மாப்பிள்ளையின் தாய், "என் மவனக் கொன்னுட்டுல்லா வந்து உக்காந்திருக்கா" என்று மாரில் அடித்துக்கொண்டு எழுந்து போனாள். அடுத்த தடவை அவளுடைய தாய் கவரிங் தாலி ஒன்றைக் கட்டி உட்காரவைத்தும் விளக்கு அதைக் காட்டவில்லை. இன்னொருத்தி முகத்தில் பாதி தீயில் வெந்து தோல் இழுத்துத் தெரிந்தாள். ஐயோ என்று எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். எந்த வீட்டு அடுப்படியில், யார் கையால் அந்தத் தீ பற்றப்போகிறது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. சங்கிலி என் கையில் இருந்தது.

ஒருமுறை எங்கள் ஒரே மகள் ஜோவிற்றா கேட்டாள், "ஏன் கஸ்பார் மாமா, மாப்பிள்ளைய ஒரு தடவ உக்காரச் சொன்னா என்ன?"

"ஆம்பிள என்ன கத்திரிக்காயாட்டி, அமுக்கிப் பாத்து வாங்கதுக்கு?"

"அப்ப நாங்கதான் கத்திரிக்காயா?"

"நீ கத்திரிக்கா இல்ல மக்கா, நீ பச்ச மொளகா" என்றார் கஸ்பார், பாயில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

ஜோவிற்றாவுக்கு அப்போது இருபத்துநாலு வயது. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். மூன்று வருடமாக அவள் அந்த நாற்காலிப் பக்கம் போனதில்லை. கூடத்தைக் கடக்கும்போதுகூடச் சுவரோரமாக நடப்பாள். பிறகு இழுவைப் படகு இஞ்சினியர் ரொமால்டு அவளைக் கேட்டு வந்தான். அவன் தாய் கெர்த்ரூத்தம்மா தெருவின் வழக்கப்படிதான் எதையும் செய்கிறவர். விளக்குக்காரன் வீட்டுப் பெண்ணே விளக்கில் உட்காராவிட்டால் ஊர் என்ன சொல்லும் என்று நான்தான் ஜோவியிடம் பேசினேன். அரக்குச் சேலை கட்டி வந்து உட்கார்ந்தாள். நான் சங்கிலியை இழுத்தேன்.

நாற்காலி காலியாக இருந்தது.

கெர்த்ரூத்தம்மா சிலுவை போட்டுக்கொண்டார். வெறும் நாற்காலியிலிருந்து ஜோவியின் குரல், "என்ன, ரொம்ப அசிங்கமா இருக்கேனா?" என்று கேட்டது.

அன்றிலிருந்து ஊர் அவளை மிகுந்த அன்போடு நடத்தத் தொடங்கியது. என்றைக்கு என்றுதான் தெரியாதே தவிர முடிவு தெரிந்துவிட்டதால், மீன்காரி நல்ல சீலா மீனை அவளுக்கென்று எடுத்து வைத்தாள். பஸ்ஸில் கிழவர்கள் எழுந்து இடம் கொடுத்தார்கள். ரத்தம் எடுக்கும் அவள் கை பட்டால் தங்களுக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று நோயாளிகள் கையை இழுத்துக்கொள்ள, பரிசோதனைக் கூடத்து முதலாளி, "வீட்ல ரெஸ்ட் எடும்மா" என்று கண்கலங்கி அனுப்பிவைத்தார். சாயங்காலங்களில் பெண்கள் அவளைப் பார்க்க வந்தார்கள். வெறுங்கையோடு யாரும் வரவில்லை. இறந்துபோன தங்கள் மனிதர்களுக்குச் சொல்லவேண்டிய சேதிகளோடு வந்தார்கள்.

"எங்க அய்யாவப் பாத்தியன்னா, மாடி கட்டியாச்சுன்னு சொல்லு மக்கா" என்றாள் ரொசாரி அக்கா. "தம்பி சண்டைய விட்டுட்டான்னும் சொல்லிரு. விடல, ஆனா நீ விட்டுட்டான்னே சொல்லு."

"பொய் சொல்லச் சொல்லுதியளா அக்கா? அங்க போயுமா?"

"ஒனக்கென்னட்டி, சின்ன பிள்ள, கண்டுக்கிட மாட்டாவ."

முதலில் சிரித்துக்கொண்டு கேட்டாள். பிறகு சிரிக்காமல் கேட்டாள். பிறகு யாராவது வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டாலே குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். அவர்கள் குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று சேதியைச் சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த வருடம் நவம்பர் இரண்டாம் தேதி, இறந்தவர்களுக்கான பூசையில் சாமியார் வாசித்த பெயர்களின் வரிசையில் என் மகள் பெயர் வந்தது. ரொசாரி அக்காதான் கொடுத்திருந்தாள். முன்கூட்டியே செபித்து வைத்தால், செத்தவர்கள் பாவம் தீரக் காத்துக்கிடக்கும் உத்தரிக்கிற ஸ்தலத்தில் அவ்வளவு நாள் குறையுமே என்று நல்லெண்ணத்தில் கொடுத்தது. ஜோவி என் பக்கத்து வரிசையில் முழங்காலில் இருந்தாள். தன் பெயரைக் கேட்டதும் தலைநிமிர்ந்து, சத்தமாக, "ஆஜர் சாமி" என்றாள். கோவில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. என் மகளை நினைத்துத் துக்கப்பட வேண்டிய இடத்தில் எனக்கு ஏன் வெட்கம் வந்தது என்று இன்றுவரை யோசிக்கிறேன். துக்கத்தை நான் அதற்கு முன்பே, வீட்டில், கதவை அடைத்துக்கொண்டு, அவள் அடுத்த அறையில் தலை வாரிக்கொண்டிருக்கும்போதே, முழுதாகச் செலவழித்துவிட்டேன் என்பதைத் தவிர வேறு பதில் கிடைக்கவில்லை. அவளுக்குக் காய்ச்சல் வந்தால், இதுதானா என்று பார்த்தேன். ரோட்டைக் கடந்தால், இதுதானா என்று பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் அவள் பிழைத்து வரும்போது மனம் குளிர்ந்ததோடு கொஞ்சம் அலுத்தும் போனது. இதை நான் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொன்னதில்லை.

ஒரு வருடம் கழித்து ரொமால்டு மறுபடி வந்தான். தாயைக் கூட்டிவராமல் தனியாக வந்தான். "ஒரு வருஷம்னாலும் அவகூட இருந்துட்டுப் போறேன் மாமா" என்றான். குளியலறைத் தாழ் திறந்தது. அன்று ராத்திரி ஜோவி இரண்டு தட்டு சோறு சாப்பிட்டாள்.

எங்கள் கோவிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சாமியாரிடம் சொல்லலாம் என்று. முதல் ஓலை வாசித்தாயிற்று. இரண்டாவதும் வாசித்தாயிற்று. இரண்டாவது ஓலை வாசித்த மறுநாள் தெருவிலிருந்து ஒன்பது பேர் சாமியாரிடம் போய், தடை உண்டு, பெண் உயிரோடிருப்பவர்களின் கணக்கில் இல்லை, இறந்தவர்கள் பூசையில் நீங்களே பெயர் வாசித்திருக்கிறீர்கள் என்றார்கள். சாமியார் என்னை வரவழைத்தார். கெர்த்ரூத்தம்மாவும் அங்கே இருந்தார்.

"நான் மாட்டேன்னு சொல்லல அண்ணே" என்றார் அவர். "எம் மவன் பிடிவாதம் எனக்குத் தெரியாதா? இன்னொரு தடவ அந்தப் பிள்ள விளக்குல உக்காரட்டும். ஒரு நிழல் தெரிஞ்சாலும் போதும், நானே தாலி எடுத்துக் குடுக்கேன்."

முடியாது என்று சொல்ல எனக்கு ஒரு நொடி போதும். விளக்கைக் கழற்றிக் கடலில் எறிய அரை மணி நேரம் போதும். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் கூடத்தில் முப்பது பேர் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஜோவி சமையலறையில் நின்றாள், அதே அரக்குச் சேலையில்.

"அப்பா, நீங்க வேண்டாம்னு ஒரு வார்த்த சொன்னா நான் உக்கார மாட்டேன்" என்றாள். "ரொமால்டு உக்காருன்னு சொல்லுதாரு. என்ன தெரிஞ்சாலும் நாளைக்கு ஓலை உண்டுன்னு சொல்லுதாரு. நீங்க சொல்லுங்க."

"ஒருவேள இந்தத் தடவ தெரியலாம்ல, மக்கா" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். ஒரு தகப்பனாக நான் அவளுக்காக நம்பிக்கையில் அதைச் சொன்னதாகவே அவள் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும் என்று இத்தனை வருடமும் வேண்டிக்கொள்கிறேன். உண்மை அதுவல்ல. எனக்குப் பார்க்க வேண்டியிருந்தது. அந்த நாற்காலியில் ஊரார் வீட்டுப் பெண்களையெல்லாம் பார்த்துப் பழகிய கண் அது. அதற்குத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

கூடத்து விளக்குகளை அணைத்தோம். அவள் உட்கார்ந்தாள். நான் சங்கிலியை இழுத்தேன். பித்தளை மூடிக்குக் கீழே மஞ்சள் வட்டத்தில் வெறும் நாற்காலி இருந்தது.

முன்வரிசையில் இருந்த ரொமால்டின் முகத்தை நான் பார்த்தேன். போன தடவை அவன் துறைமுகத்தில் வேலையில் இருந்தான். கேள்விப்பட்டிருந்தானே தவிர, கண்ணால் பார்த்ததில்லை. அவன் உட்கார்ந்திருந்த பாயில் ஒரு முழம் பின்னால் நகர்ந்தான்.

"ரொமால்டு, என்னப் பாருங்க" என்றது நாற்காலி.

அவன் நிமிர்ந்து, அவள் முகம் இருக்கவேண்டிய இடத்துக்கு ஒரு சாண் மேலே, சுவரைப் பார்த்தான். பிறகு தன் தாயைப் பார்த்தான்.

"நான் இங்கதான இருக்கேன்" என்றது நாற்காலி. அதன்பின் ஒன்றும் சொல்லவில்லை.

ரொசாரி அக்கா அருள் நிறைந்த மந்திரத்தைத் தொடங்கினாள். முப்பது பேரும் அந்த நாற்காலியைவிட்டுக் கண்ணெடுக்காமல் செபமாலையில் பத்து மணிகளை உருட்டிச் செபம் சொன்னோம்; ஆண்களின் குரல் ஒரு பக்கமும் பெண்களின் குரல் ஒரு பக்கமுமாக அலைபோல ஏறி இறங்க, சிலர் விசும்ப, செபம் முடிந்து நான் சங்கிலியை மறுபடி இழுத்து, பிலோமி கூடத்து விளக்கைப் போட்டாள். அப்போதும் நாற்காலி காலியாகவே இருந்தது.

வெளிச்ச வட்டத்தைவிட்டு ஓர் எட்டு வைத்ததுமே அவள் கண்ணுக்குத் தெரிந்திருப்பாள். இருபத்தைந்து வயதுப் பெண், அரக்குச் சேலையில், முப்பது பேருக்கு நடுவே, பாயில் கால் படாமல் பார்த்துப் பார்த்துக் கடந்து வாசல்வரை போயிருக்கிறாள். ஒரு தலை திரும்பியிருந்தால் போதும். எல்லோரும் அவள் இல்லாததையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ஆண்டவரு எடுத்துக்கிட்டாரு" என்றார் மிக்கேல் மாமா. "உடம்போட எடுத்துக்கிட்டாரு." அதை யாரும் மறுக்கவில்லை. உயிரோடு இருப்பவர்களைத்தான் தேடுவது வழக்கம் என்பதால் யாரும் தேடவும் போகவில்லை. பிலோமி நாற்காலியின் காலைக் கட்டிக்கொண்டு விழுந்து கிடந்தாள். நான் மட்டும் எழுந்து உள்ளே போனேன். அலமாரியில் ஜோவியின் சர்ட்டிபிகேட் ஃபைல் இல்லை. மாற்றுச் சேலை இரண்டு இல்லை. முன்பே எடுத்து எங்கோ வைத்திருக்கிறாள். என்னிடம் அந்த ஒரு வார்த்தையைக் கேட்டபோதே அவள் இருப்பதற்கும் போவதற்கும் இரண்டுக்கும் தயாராக இருந்திருக்கிறாள். அலமாரியை மூடினேன். வெளியே வந்து பிலோமியின் தோளைப் பிடித்துத் தூக்கினேன். அவளிடம் சொல்லவில்லை. முதலில், எல்லோரும் போகட்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை. பிறகு, காலையில் சொல்லலாம் என்று சொல்லவில்லை. காலையில் சவப்பெட்டி வந்துவிட்டது.

காலிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அடக்கம் செய்தோம். ஆறு பேர் தூக்கினோம், அதன் எடையில்லாமைக்குத் தோள் பழக்கப்படாமல் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு நடந்தோம். ரொமால்டு அழுதுகொண்டே ஒரு முனையைத் தூக்கினான். உண்மையாகவே அழுதான். அடக்கத்துக்கு மறுவாரமே கஸ்பார் ஒரு பெண்ணைக் கூட்டிவந்தார், விளக்கு முன்னைவிட நம்பகமாகிவிட்டது என்றார். நான் சங்கிலியை இழுத்தேன்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து எங்கள் வீட்டில் தெருவுக்கே சாப்பாடு. முதல் பந்தி எழுந்து கை கழுவிக்கொண்டிருந்தது, சாமியார் கூடத்தில் அந்த நாற்காலியில் உட்கார்ந்து காற்று வாங்கிக்கொண்டிருந்தார், விளக்கு எரியவில்லை. டெலிபோன் அடித்தது. நான்தான் பக்கத்தில் இருந்தேன்.

"அப்பா" என்றது. பின்னால் எங்கோ ரயில் அறிவிப்பு ஓடியது, தமிழில் அல்ல. "நான் ஜோவி. பயந்துட்டியளா? நல்லா இருக்கேன்ப்பா. லேப்ல வேல கெடச்சிருக்கு. இங்க யாருக்கும் ஒண்ணும் தெரியாது, எல்லாரும் சாதாரணமாப் பேசுதாவ. அம்மாட்ட குடுங்க."

பிலோமி நாலடி தூரத்தில் சோற்றுச் சட்டியோடு நின்றாள்.

என்ன நினைத்தேன் என்று பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். விளக்கு பொய் என்றால் நாங்கள் வேண்டாம் என்று அனுப்பிய பெண்களுக்கெல்லாம் யார் பதில் சொல்வது என்று நினைத்ததாக ஒரு காலம் சொல்லிக்கொண்டேன். அது கொஞ்சம் மரியாதையான காரணம். ஆனால் அந்த நொடியில் எனக்குள் இருந்தது அதுவல்ல. அவள் திரும்பி வந்தால் மறுபடி காய்ச்சலைப் பார்க்க வேண்டும், ரோட்டைப் பார்க்க வேண்டும், இதுதானா இதுதானா என்று இன்னும் எத்தனை வருடமோ, முடிந்துபோன ஒன்றை முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்ற களைப்பு. அவ்வளவுதான். களைப்பு.

"அப்படி யாரும் இங்க இல்லையேம்மா" என்றேன்.

சாமியார் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அழவில்லை, கோபப்படவில்லை; வெளியாளிடம் பேசுகிற குரலில், "சரிங்க. மன்னிச்சுக்கோங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

"யாருங்க அது?" என்றாள் பிலோமி.

"தெரியல. நம்பர மாத்திப் போட்டுட்டாவ."

"பாவம், யாரத் தேடுதாவளோ" என்றவள் சோற்றுச் சட்டியை என் கையில் கொடுத்து, "ரெண்டாம் பந்தி உக்காந்துட்டு, போங்க" என்றாள்.

போய்ப் பரிமாறினேன்.